துணி என்ன நிறத்தில் வருகிறது? கடலோரத்தில் டார்கெட் ரைஃபிள் குழலைக் காப்பாற்றும் வழி

மண்டபத்தில் வீடு. வடக்கே நடந்தால் பாக் விரிகுடா, தெற்கே நடந்தால் மன்னார் வளைகுடா. வாடை அடிக்கும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், கச்சான் அடிக்கும்போது தென்கடல். எது அடித்தாலும் எங்கள் ஜன்னல் கம்பியை விரலால் தடவி நாக்கில் வைத்தால் கரிக்கும். இங்கே துப்பாக்கிக் குழல் சுட்டுத் தேய்வதைவிட, பெட்டிக்குள் சும்மா கிடந்து கெடுவதுதான் அதிகம். அதற்கு அடுத்தபடியாகக் கெடுப்பது, பதற்றத்தில் துடைக்கும் கம்பியை எடுத்து மூன்று நாள் தேய்க்கும் கை. அதனால்தான் இதை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். முதலில் என்ன தெரிகிறது என்று பாருங்கள், கம்பியை அப்புறம் எடுக்கலாம்.

நான் பேசுவது 50 மீட்டரில் முட்டி போட்டும் படுத்தும் நின்றும் சுடும் 0.22 அங்குல போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளைப் பற்றி. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கினாரே, அந்தப் போட்டிக்கான வகை. இதன் புல்லட் வெறும் ஈயம், மேலே மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். எடை 40 கிரெய்ன், அதாவது சுமார் 2.6 கிராம். செம்பு உறை கிடையாது. எனவே செம்பைக் கரைக்கும் அமோனியா வாடை தூக்கும் சால்வென்ட் நமக்குத் தேவையே இல்லை. யாராவது துடைத்த துணியில் பச்சை நீலம் காட்டி "பாருங்க, செம்பு படிஞ்சிருக்கு" என்றால், அது அவருடைய வெண்கல பிரஷ்ஷோ பித்தளை முனையோ கரைந்த நிறம். ஏர் ரைஃபிளுக்குக் கணக்கு வேறு, அது கடைசியில்.

எதையும் தொடுமுன் போல்ட்டை, அதாவது தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் பின்பக்க உருளையை, கழற்றி வெளியே வையுங்கள். சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணால் பார்த்து, சுண்டு விரலாலும் தொட்டுப் பாருங்கள். தோட்டாப் பெட்டி அந்த மேசையில் இருக்கவே கூடாது, முடிந்தால் அந்த அறையிலும் வேண்டாம்.

சாமான்கள் அதிகமில்லை. மூட்டில்லாத ஒற்றைக் கம்பி, மேலே பிளாஸ்டிக் பூச்சு உள்ளது அல்லது கார்பன் ஃபைபர். கைப்பிடி தானாகச் சுழல வேண்டும். போல்ட் இருந்த இடத்தில் செருகும் கைடு ஒன்று, கம்பி சாயாமல் நேரே போவதற்கு. அளவுக்கேற்ற ஃபெல்ட் உருண்டைகள் அல்லது பருத்தித் துணித்துண்டுகள். பழைய வேட்டித் துணி அருமையாக வேலை செய்யும். ஆனால் கஞ்சி போட்ட வேட்டி ஆகாது, பாலியஸ்டர் கலந்ததும் ஆகாது. கம்பி எப்போதும் சேம்பர் பக்கமிருந்து, புல்லட் வெளியேறும் வாய் பக்கம்தான் போக வேண்டும். துணி வாயைத் தாண்டி வெளியே வந்ததும் கழற்றி எறிந்துவிட்டு, வெறும் கம்பியைப் பின்னே இழுங்கள். அழுக்குத் துணியோடு திரும்ப இழுத்தால், வெளியே தள்ளிய அழுக்கையெல்லாம் நாமே உள்ளே கொண்டுபோய்ச் சேர்க்கிறோம்.

துணி செம்மண் நிறத்தில் வருகிறது

இந்தக் கரையில் முதலில் பார்க்க வேண்டிய அறிகுறி இதுதான். சுட்ட கரி கறுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ வரும். ஈயம் வெள்ளிச் செதிலாக மினுங்கும். பழைய எண்ணெய் தேன் நிறத்தில் பிசுபிசுக்கும். துரு மட்டும்தான் செம்மண்ணாக வரும். சந்தேகமாக இருந்தால் துணியை வெள்ளைத் தாளில் தேய்த்து, விரலால் நெருடிப் பாருங்கள். பொடியாக நெருடினால் துருதான்.

எனக்கே நடந்தது. ஒரு ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது, சுடும் களமான ரேஞ்சுக்குப் போகவில்லை. ரைஃபிளுக்கு நிறைய எண்ணெய் போட்டு, ஸ்பாஞ்ச் வைத்த பெட்டியில் படுக்கவைத்து, பூட்டி, நிம்மதியாக இருந்தேன். தையில் திறந்தபோது முதல் துணி செங்கல் பொடி தொட்ட மாதிரி வந்தது. அத்தனை எண்ணெய் போட்டும் எப்படி என்று புரியவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது: கடைசியாகச் சுட்ட நாளில் ரேஞ்சில் உப்புக் காற்று சுழற்றி அடித்திருந்தது. குழலுக்குள் படிந்த உப்பின் மேலேயே எண்ணெயைப் பூசியிருக்கிறேன். திருடனை உள்ளே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டிய கதை.

உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாப்பாட்டு உப்பு தானாகவே ஈரத்தை இழுத்து நீராக ஆரம்பிக்கும். வீட்டு உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். நம் ஊரில் பல ராத்திரிகள் அந்த அளவைத் தாண்டும். குழலுக்குள் ஒட்டிய துளி உப்பு ராத்திரி கசியும், பகலில் காயும், மறுபடி கசியும். ஸ்பாஞ்ச் அந்த ஈரத்தை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும்.

எங்கள் குழல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவே பிடிக்காது என்று சிலர் சொல்கிறார்கள். குழல் செய்யும் ஸ்டெயின்லெஸ், சமையலறைத் தட்டு செய்யும் ஸ்டெயின்லெஸ் அல்ல. கடைய எளிதாக இருக்கட்டும் என்று கந்தகம் சேர்த்த வகை அதில் நிறைய. குளோரைடு பட்டால் மேலெல்லாம் பளபளவென்று இருக்கும், இங்கொன்றும் அங்கொன்றுமாக ஊசிக் குழி விழும். பாம்பனில் 1914இல் திறந்த பழைய ரயில் பாலம் நூறாண்டுக்கு மேல் நின்றதற்கு, ஓயாமல் அடித்த பெயின்ட்டும் ஒரு காரணம். குழலுக்குள் பெயின்ட் அடிக்க முடியாதே.

சரி, துரு வந்துவிட்டது. என்ன செய்வது? மெல்லிய துப்பாக்கி எண்ணெயில் ஊறிய துணியை இரண்டு முறை செலுத்துங்கள். வாய் பக்கம் சற்றுத் தாழ்ந்திருக்கும்படி ஒரு ராத்திரி சாய்த்து வையுங்கள், எண்ணெய் பின்னால் ஓடி, குழலைத் தாங்கும் மரக்கட்டையில் ஊறாமல் இருக்கும். காலையில் எண்ணெய் நனைத்த வெண்கல பிரஷ்ஷை ஐந்தாறு முறை, பாதியில் திருப்பாமல் முழுசாகச் செலுத்தி, வாய்க்கு வெளியே வந்ததும் பிரஷ்ஷைக் கழற்றி, கம்பியை மட்டும் இழுங்கள். பிறகு துணி. இரண்டாம் மூன்றாம் துணியிலேயே செம்மண் குறைந்து வெளுத்தால் மேலோட்டமான துருதான், பிழைத்தீர்கள். பத்துத் துணி போயும் அதே நிறம் என்றால் குழி விழுந்திருக்கும். செல்போனில் மாட்டும் சின்ன கேமரா இப்போது விற்கிறார்கள், உள்ளே விட்டுப் பாருங்கள். குழி நடுவில் இருந்தால் அழுக்கு சீக்கிரம் சேரும், அடிக்கடி துடைத்துக்கொண்டு சுடலாம். வாயை ஒட்டிய கடைசி ஓரிரு அங்குலத்தில் இருந்தால் குரூப்பிலேயே, அதாவது தாளில் குண்டுகள் விழும் கூட்டத்திலேயே, தெரியும். எப்படியிருந்தாலும் உப்புத்தாள், இரும்பு நார், பாத்திரம் துலக்கும் பவுடர், பித்தளைப் பாலிஷ் எதுவும் உள்ளே போகக் கூடாது. துரு தின்றதைவிட அவை அதிகம் தின்றுவிடும்.

கடல் தெறித்ததோ, உப்புச் சாரலில் நனைந்ததோ உறுதியாகத் தெரிந்தால் எண்ணெய்க்கு முன் தண்ணீர். கட்டையைக் கழற்றிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை மூன்று முறை, உலர்ந்த துணியை ஐந்து முறை, அப்புறம் ஃபேன் காற்றில் அரை மணி நேரம், கடைசியில் எண்ணெய். அந்தத் தண்ணீர் உங்கள் வீட்டு போர் தண்ணீராக இருக்கக் கூடாது. நம் கரையில் போர் தண்ணீர் பாதி இடங்களில் உவர். உப்பைக் கழுவ உப்பையே ஊற்றுவதாகிவிடும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும், ஒரு லிட்டர் வாங்கி வைத்தால் வருஷத்துக்குப் போதும்.

பழைய பட்டாளத்துக்காரர்கள் ஒவ்வொரு முறை சுட்டதும் கொதிக்கும் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். அவர்கள் காலத்துப் பிரைமரில் (ஊசி அடித்ததும் பற்றிக்கொள்ளும் மருந்து) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது எரிந்து பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் தங்கும், அதுவும் ஓர் உப்புதான். அன்றைக்கு அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. இன்றைய 0.22 தோட்டாக்களில் அந்தப் பிரைமர் இல்லை, எனவே ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டியதில்லை. நமக்கு உப்பு வெளியிலிருந்துதான் வருகிறது.

எண்ணெய் எது? துப்பாக்கிக்கென்று விற்பது ஏதாவது ஒன்று. பாலிஸ்டால் வகை தண்ணீரோடும் கலக்கும் என்பதால் நமக்குக் கொஞ்சம் கூடுதல் வசதி. டபிள்யூடி-40 தண்ணீரை விரட்ட நல்லது, மூன்று மாதக் காவலுக்கு ஆகாது. தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். நாளானால் சிக்கு வாடை அடித்து அமிலமாகும்.

துடைத்த பிறகு முதல் தோட்டாக்கள் எங்கோ போகின்றன

கோளாறு இல்லை. குழலில் எண்ணெய் மிச்சம் இருக்கிறது, அல்லது மெழுகுப் படலம் இன்னும் உட்காரவில்லை. சுடுவதற்கு முன் இரண்டு மூன்று உலர்ந்த துணி, சேம்பருக்குத் தனியாக ஒன்று. பிறகு பத்துப் பதினைந்து தோட்டாவை ஓரத்துத் தாளில் சுட்டுவிட்டு அப்புறம் கணக்கைத் தொடங்குங்கள். தோட்டா பிராண்டு மாற்றினாலும் இதே கதைதான், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மெழுகு. எண்ணெய் ததும்ப விட்டுச் சுடுவது மட்டும் விளையாட்டல்ல, குழல் உள்ளே வீங்கிவிட இடமுண்டு.

நன்றாக இருந்த குரூப் விரிந்துவிட்டது

போன கோடையில் தேவிபட்டினத்துப் பக்கத்துத் தம்பி ஒருவன் வந்தான்.

"அண்ணே, பேரல் போயிருச்சுண்ணே."

"யாருப்பா சொன்னது?"

"குரூப்பைப் பாருங்க. ஒத்த ரூபாய்க் காசுக்குள்ள இருந்தது, இப்ப டீ கிளாஸ் வாய் அளவுக்குப் போகுது."

"எத்தனை தடவை துடைச்ச?"

"மூணு நாளா துடைச்சுக்கிட்டேதாண்ணே இருக்கேன்."

குழலைப் பார்க்கவேயில்லை. கட்டையையும் குழலையும் இணைக்கும் திருகில் சாவியை வைத்தேன், கால் சுற்று சும்மாவே திரும்பியது. மரக்கட்டை மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். அதோடு திருகும் தளரும். பல டார்கெட் ரைஃபிள்களுக்கு அந்தத் திருகின் இறுக்கம் 5 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். உங்கள் கையேட்டில் உள்ள எண்ணே உங்களுக்குக் கணக்கு. இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சு இல்லாமல் கை பலத்தில் இறுக்கினால் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்றாகத்தான் இருக்கும். அவன் மூன்று நாள் தேய்த்துக் குழலை வெறும் இரும்பாக்கி வைத்திருந்ததால், திருகைச் சரி செய்த பிறகும் இருபது தோட்டா செலவானது. அப்புறம் குரூப் பழையபடி காசுக்குள் வந்தது.

ஆகவே குரூப் விரிந்தால் வரிசை இது: திருகு, குறி பார்க்கும் முன் பின் சைட்டின் ஆட்டம், தோட்டாவின் லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்) மாறியதா, பிறகுதான் குழல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சுட்டுப் பாருங்கள். இரண்டை மாற்றினால் எது குணமாக்கியது என்று கடைசிவரை தெரியாது. 50 மீட்டர் தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். அவ்வளவு நுணுக்கமான வேலையைக் கெடுக்கத் திருகின் கால் சுற்றுத் தளர்ச்சியே தாராளம்.

மேற்சொன்ன மூன்றும் சரியாக இருந்து, சில நூறு தோட்டாக்களுக்கு மேல் மெல்ல மெல்ல விரிந்தது என்றால் சேம்பருக்கு அடுத்த முதல் அங்குலத்தைச் சந்தேகப்படலாம். பிரைமரில் உரசலுக்காகக் கண்ணாடித் தூள் சேர்ப்பார்கள். அதுவும் கரியும் ஈயமும் சேர்ந்து அங்கே வளையமாகச் சுட்டு இறுகும். அடுப்பங்கரைப் பாத்திரத்தின் அடியில் பிடித்த கரி மாதிரி, துணிக்கு அசையாது. கண்டுபிடிக்கக் கைதான் கருவி. இறுக்கமான ஈரத் துணியைக் கம்பியில் வைத்து இரண்டு விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். தொடக்கத்தில் முரண்டு பிடித்து, வளையத்தைத் தாண்டியதும் வழுக்கிக்கொண்டு போனால் அதுதான். கரி சால்வென்ட் நனைத்த துணியை அந்த இடத்தில் நிறுத்தி, கால் மணி நேரம் ஊறவிட்டு, பிரஷ் ஐந்து முறை, துணி, மறுபடி கைச்சோதனை. ஒரே தடவையில் போகாது, இரண்டு மூன்று சுற்று ஆகும். தோட்டா உள்ளே ஏற முரண்டு பிடிப்பதும், வெற்றுக் கூடு வெளியே வர மறுப்பதும் பெரும்பாலும் இந்தக் குடும்பம்தான், சேம்பரில் மெழுகும் கரியும் சேர்ந்திருக்கும்.

இன்னொன்று: சித்திரை வெயிலில் காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகி ஒரு பக்கமாக வழிந்துவிடும். கீழே மணலில் விழுந்த தோட்டாவைத் துடைத்து ஏற்றவும் கூடாது. மெழுகு மணலைப் பிடித்துக்கொள்ளும், மெத்தென்ற ஈயத்தில் மணல் பதியும். அதைச் சுடுவது உப்புத்தாளைக் குழலுக்குள் அனுப்புவதுதான். ரேஞ்சில் என் சத்தம் கேட்கிறதென்றால் பெரும்பாலும் இதற்காகத்தான் இருக்கும்.

குரூப் ஒரே பக்கமாக இழுக்கிறது, எப்படித் துடைத்தாலும் மாறவில்லை

வாயைப் பாருங்கள். புல்லட் கடைசியாகத் தொட்டு விடுவது வாயின் விளிம்பு. அதில் ஒரு பக்கம் சிராய்ப்பு இருந்தால் பின்னாலிருந்து வரும் வாயு அந்தப் பக்கம் முந்திக்கொண்டு புல்லட்டைத் தள்ளிவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை விளிம்பில் உள்ளிருந்து வெளியே இழுத்துச் சுற்றி வாருங்கள். எங்காவது பஞ்சு இழை மாட்டினால் அங்கே பிசிறு. சுட்ட பிறகு வாயைச் சுற்றி மெழுகும் கரியும் நட்சத்திரமாகப் படியும். அதன் கதிர்கள் எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருந்தால் வாய் நலம். ஒரு பக்கம் மட்டும் நீண்டு சிதறியிருந்தால் நோய் அங்கேதான்.

காரணம் பெரும்பாலும் நம் கைதான். என்.சி.சி.யில் கயிற்றை வாய் பக்கமாக இழுத்துத் துடைத்துப் பழகியவர்கள், எப்போதும் ஒரே கோணத்தில் இழுப்பார்கள். பழைய கிணற்றுத் திட்டின் கல்லில் வாளிக் கயிறு அறுத்த தடம் பார்த்திருப்பீர்களே, அதேதான் நடக்கும். கயிற்றில் கடல் மணல் ஒட்டியிருந்தால் இன்னும் சீக்கிரம். இதை வீட்டில் சரி செய்ய முடியாது. வாயைத் திரும்பக் கடைந்து எடுக்க வேண்டும், அதை உரிமம் உள்ள ஆயுதப் பழுதுபார்ப்பவர்தான் செய்ய வேண்டும். பக்கத்து லேத் பட்டறை அண்ணன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், 1959 ஆயுதச் சட்டப்படி அவர் தொடக் கூடாது.

நடுவில் ஓரிடத்தில் துணி திடீரென்று லேசாகிறது

குழல் அங்கே உள்ளே வீங்கியிருக்கலாம். சுடுவதை நிறுத்திவிட்டு அதே உரிமம் உள்ள பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். இதில் பேச வேறெதுவும் இல்லை.

ஏர் ரைஃபிள் வைத்திருப்பவர்களுக்கு

10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மருந்தும் இல்லை, பிரைமரும் இல்லை, கரி வளையமும் இல்லை. 4.5 மில்லிமீட்டர் ஈயக் குண்டு மட்டும். சில நூறு குண்டுக்கு ஒருமுறை உலர்ந்த ஃபெல்ட் உருண்டைகள் போதும். வெண்கல பிரஷ், சால்வென்ட் இரண்டும் வேண்டாம், சால்வென்ட் பின்னால் ஓடி ரப்பர் வளையங்களைக் கெடுக்கும். அழுத்தக் காற்று போகும் வழியில் பெட்ரோலிய எண்ணெய் விடவே கூடாது, டீசல் இன்ஜின் போலப் பற்றிக்கொள்ளும். நம் ஊருக்கென்று ஒரு தொல்லை உண்டு. கைப்பம்பில் அடிக்கும்போது கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லாமல் அடிக்காதீர்கள்.

மழைக்காலத்துக்கு மூட்டை கட்டும்போது

வேர்வைக் கையால் தொட்ட இடமெல்லாம் எண்ணெய்த் துணியால் துடையுங்கள், வேர்வையும் உப்புதான். ஸ்பாஞ்ச் பெட்டி பயணத்துக்கு மட்டும். வீட்டில் பூட்டுள்ள அலமாரியில் நிறுத்தி வையுங்கள், வாய் கீழ்நோக்கி, அடியில் ஒரு துணி. உப்பு ஜாடியில் நம் வீட்டில் அரிசி போடுகிற மாதிரி இங்கே சிலிக்கா ஜெல். அரிசியையே போடலாமா என்று கேட்டவர்கள் உண்டு, தவிடும் பூச்சியும் வரும், வேண்டாம். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாகக் கறுத்தால் நிறைந்துவிட்டது என்று பொருள், வாணலியில் சின்னத் தீயில் வறுத்தால் பழைய நிறம் திரும்பும். சமைக்கும் வாணலி வேண்டாம், தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. காரில் குளிர்ந்த ரைஃபிளை ரேஞ்சில் இறங்கியதும் திறந்தால் ஐஸ் வாட்டர் டம்ளர் மாதிரி உடனே வியர்க்கும். பெட்டி மூடியபடியே அரை மணி நேரம் நிழலில் இருக்கட்டும்.

ஐப்பசி முதல் தை வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை உலர்ந்த துணி ஒன்றை மட்டும் செலுத்திப் பாருங்கள். எண்ணெய் நிறத்தில் வந்தால் மறுபடி ஒரு பூச்சு கொடுத்துப் பூட்டலாம். ஓரத்தில் கொஞ்சம் செம்மண் தெரிந்தாலும் அன்றைக்கே டிஸ்டில்டு வாட்டர் பாட்டிலை எடுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டாம்.